வாஃபிள்

வாஃபிள் என்பது குழிக்கட்டங்கள் கொண்ட இரண்டு சூடான தகடுகளுக்கு நடுவே மாவை ஊற்றி, இருபுறமும் ஒருசேர வேகவைக்கும் காலை உணவு. இடைக்கால ஐரோப்பாவில் நீண்ட கைப்பிடி வைத்த இரும்பு அச்சுகளை நேரே தீயில் காட்டிச் சுட்டார்கள். அடுப்பின் மேலேயே வைத்துத் திருப்பிவிடக்கூடிய அச்சுக்கு 1869-இல் அமெரிக்காவின் டிராய் நகரத்துக் கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் காப்புரிமை பெற்றார். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் வகை லேசானது. லியேஜ் வகை சர்க்கரைக் கற்கள் கலந்து பிசைந்த கெட்டி மாவில் ஆவது. இரண்டுமே ஈஸ்ட்டில் பொங்குபவை. அமெரிக்க வீடுகளில் பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் அந்த வேலையைச் செய்கின்றன. இரவே மாவு கரைத்து வைக்காதவர்களுக்கு இதுதான் வசதி.

வீட்டில் சத்தாகச் செய்ய மைதா ஒரு கப், கோதுமை மாவு ஒரு கப், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, சோடா அரைத் தேக்கரண்டி, சிட்டிகை உப்பு. இவற்றோடு இரண்டு முட்டை, ஆறு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய், ஒன்றே முக்கால் கப் கெட்டி மோர். தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்தாலும் போதும். மோரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து கரியமில வாயுவை எழுப்பும். பாலில் கரைத்தால் சோடா தேவையில்லை, போட்டால் சவர்க்கார வாடைதான் மிஞ்சும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அடித்துக் கலக்கினால் பசைத்தன்மை கூடி வாஃபிள் ரப்பராகிவிடும். கோதுமைத் தவிடு மெல்லத்தான் நீரை இழுக்கும் என்பதால் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அதற்குள் மாவு இறுகியிருந்தால் இன்னும் இரண்டு கரண்டி மோர்.

பான்கேக் மாவும் ஏறக்குறைய இதுவே. வாஃபிளுக்கு வெண்ணெய் கூடுதல். அது இல்லாவிட்டால் மொறுமொறுப்பும் இல்லை, அச்சிலிருந்து கழன்றும் வராது.

மூடிய அச்சின் ஓரங்களில் முதலில் ஆவி குபுகுபுவென்று வரும். ஆவி அடங்கும்வரை மூடியைத் தொடக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் வேகாத நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, மேல்தகட்டில் பாதியும் கீழ்த்தகட்டில் பாதியும் ஒட்டிக்கொள்ளும். எடுத்ததைத் தட்டில் அடுக்கினால் சொந்த ஆவியிலேயே நமுத்துப்போகும். கம்பி வலைமேல் பரப்புவதே சரி.

கோதுமை மாவு சேர்த்த பெருமையை மேப்பிள் சிரப் எளிதில் விழுங்கிவிடும். மாவில் சர்க்கரையே போடாமல், வாழைப்பழமும் கெட்டித் தயிரும் வைத்துச் சாப்பிடுவது நல்லது. மீந்ததை நன்றாக ஆறவிட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். மறுபடி சுடவைக்க டோஸ்டர்தான் ஏற்றது, மைக்ரோவேவில் வைத்தால் துவண்டுவிடும்.