பிதுங்கிய இடங்களும் சூட்டிய பெயர்களும்

குடலிறக்கம் கண்ட இடத்தில் வருவதில்லை. வயிற்றுச் சுவர் வழிவிட்டுக் கொடுத்த இடத்தில்தான் வரும். கொடி புகுந்த தொப்புள், வயிற்றுக்குள் உருவான விதை பைக்கு இறங்கி வந்த கவட்டைப் பாதை, காலுக்கு ரத்தக்குழாய் போகிற தொடை இடுக்கு, கத்தி பட்ட பழைய தழும்பு. எல்லை என்று நாம் நம்புகிற சுவர் வாசல்களால் ஆனது. (இங்கே ஃபூக்கோவைக் கூப்பிடுவது நம் சிற்றிதழ்ச் சடங்கு. கூப்பிடாமலே போய்ப் பார்ப்போம்.)

இவ்வாசல்களின் வரலாற்றை 18ஆம் நூற்றாண்டு லண்டனில் வைத்து வாசிக்கலாம். இரண்டாம் ஜார்ஜின் ராணி கரோலினுக்கு 1724இல் கடைசிப் பிரசவத்துக்குப் பின் தொப்புளில் குடல் இறங்கியது. 13 வருஷம் மறைத்தாள். 1737 நவம்பரில் குடல் சிக்கி வலியெடுத்தபோதும் வைத்தியர்களிடம் சொல்லவில்லை. அவர்களும் ஏதோ வயிற்றுவலி என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ராஜாதான் போட்டுடைத்தார். அறுத்தார்கள், குடல் வெடித்தது, நவம்பர் 20 அன்று இறந்தாள். இதை வெறும் வெட்கம் என்று சுருக்குவது சரியில்லை. வாரிசு பெற்றுத் தருவதற்கென்றே வைத்திருக்கும் உடலில் பழுது என்பது அரண்மனையில் அந்தரங்கம் அல்ல, அரசியல்.

அதற்கு இரண்டு வருஷம் முன், 1735 டிசம்பரில், அதே ஊர் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் 11 வயதுப் பையன் ஹான்வில் ஆண்டர்சன். கவட்டை வழியாக விதைப்பைக்குக் குடல்வால் இறங்கியிருந்தது. அதைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டூசி. மயக்க மருந்து வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தது. ஏறக்குறைய அரைமணி நேரம் அறுத்தார் கிளாடியஸ் அமியாண்ட். நோயாளிக்கு எவ்வளவு வலியோ தனக்கும் அவ்வளவு பாடு என்கிற மாதிரி எழுதியும் வைத்தார். பையன் பிழைத்தான். குடல்வால் இறங்கிய கவட்டைக் குடலிறக்கத்துக்கு இன்றும் அமியாண்ட் பெயர்தான். பையன் பெயர் எதற்கும் சூட்டப்படவில்லை. ஹெஸ்ஸல்பாக் முக்கோணம், கூப்பர் நாண், ஸ்பீகல் குடலிறக்கம்... வயிற்றுச் சுவர் முழுக்கப் பட்டா எழுதியாகிவிட்டது. நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அதில் பத்தி இல்லை.

ஆஸ்ட்லி கூப்பரின் குடலிறக்க நூலில் கவட்டையைப் பேசும் முதற்பகுதி 1804, தொடையையும் தொப்புளையும் பேசும் இரண்டாம் பகுதி 1807. அதே 1807இல்தான் லண்டனில் குடலிறங்கிய ஏழைகளுக்கு இடுப்புப் பட்டை கொடுக்க ஒரு தரும சங்கம் ஏற்பட்டது. பட்டை நோயைத் தீர்க்காது. பிதுங்கலை அழுத்திப் பிடிக்கும், ஆளை மூட்டை தூக்கத் திருப்பி அனுப்பும். பாரம் தூக்குவதுதான் காரணமா என்று மருத்துவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பிறவிப் பலவீனம் என்று சொல்லிவிட்டால் முதலாளிக்கு நஷ்டஈடு மிச்சம்ங்கிறதையும் சேர்த்துத்தான் இந்தச் சர்ச்சையை நான் படிக்கிறேன். சுவரையே தைத்துக் கட்டும் நம்பகமான அறுவை 1880களில், இத்தாலியில் பஸ்ஸினி கையில்தான் வந்தது.

கூப்பருக்கு அறுத்துப் பார்க்க இத்தனை பிணங்கள் எங்கிருந்து? கல்லறை தோண்டிகளிடமிருந்து. எப்பேர்ப்பட்டவர் பிணத்தையும் தன்னால் வாங்க முடியும் என்று 1828இல் பாராளுமன்றக் குழு முன்பே சொன்னார். 1832இல் சட்டம் வந்தது. பிறகு தோண்ட வேண்டியிருக்கவில்லை. ஏழைகள் விடுதியில் கேட்பாரற்றுச் செத்தவர்களை உடற்கூறு மேசைக்கு நேராகவே அனுப்பலாம் என்றாயிற்று.