நெருப்பின் எல்லை

1824ஆம் ஆண்டு பாரீசு நகரில் 118 பக்கச் சிறுநூல் ஒன்று வெளிவந்தது. நெருப்பின் இயக்க ஆற்றல் அதன் பொருள். அச்சான படிகள் 600. எழுதியவர் படைப்பொறியியல் பயின்ற சாடி கார்னோ என்னும் 28 வயது இளைஞர். பாரசீகக் கவிஞர் ஒருவர்மீது கொண்ட பற்றினால் தந்தை இட்ட பெயர் அது.

இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் நீராவி எந்திரங்கள் முழங்கிய காலம். அவற்றைத் திருத்தத் திருத்த, அதே நிலக்கரியில் மேன்மேலும் வேலை பெறலாமா? நீராவிக்கு மாற்றாகக் காற்றோ சாராய ஆவியோ சிறக்குமா? கைத்திறன் மிக்கோர் பலர் முயன்றனர். எல்லை உண்டா என்று கேட்டவர் கார்னோவே.

நீர்ச்சக்கரத்தை அவர் நினைத்தார். நீர் மேலிருந்து கீழே விழும்போதுதான் சக்கரம் சுழலும். அவ்வாறே வெப்பமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கு இறங்கும்போதே வேலை செய்யும். முன்னும் பின்னும் ஓடவல்ல, சிறிதும் வீணாக்காத எந்திரம் ஒன்றை அவர் கற்பனை செய்தார். அதனையும் மிஞ்சும் எந்திரம் ஒன்று உண்டெனக் கொள்வோம். அது தரும் வேலையில் ஒரு பகுதியைக் கொண்டு கார்னோவின் எந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டினால், இறங்கிய வெப்பம் மீண்டும் மேலேறிவிடும். ஒரு துண்டு கரியும் எரியாமல் மிச்ச வேலை என்றென்றும் கிடைக்கும்! அது இயலாது, எனவே மிஞ்சும் எந்திரமும் இல்லை. மறுதலையை ஏற்று அதன் பொருந்தாமையைக் காட்டும், மெய்யியலாரின் பழைய வாதமுறைதான் இது. நீராவியோ காற்றோ, எல்லையை வகுப்பவை இரு வெப்பநிலைகள் மட்டுமே.

இன்றைய கணக்கில், 200 பாகை நீராவி 30 பாகைக் குளிர்விப்பானை நாடினால், வெப்பத்தில் 36 விழுக்காடே வேலையாகலாம். எஞ்சியதைக் குளிருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். எந்தத் தச்சரின் குறையும் அன்று அது.

வெப்பம் குறையாத ஒரு நுண்பாய்மம் என்று நூலில் கார்னோ கொண்டது பிழை. ஆயினும் எல்லை நிலைத்தது. நூலைத்தான் எவரும் நாடவில்லை. 1834இல் கிளாப்பிரோன் அதனை எடுத்துரைத்தார். பின்னாளில் கெல்வின் பிரபுவான தாம்சன் 1845இல் பாரீசுப் புத்தகக் கடைகளில் தேடியும் படி கிட்டவில்லை. 1850இல் கிளாசியசு பிழையைத் திருத்தினார்: வெப்பத்தில் ஒரு பகுதியே வேலையாக மாறுகிறது.

கார்னோ 1832 ஆகத்து 24 அன்று, 36ஆம் வயதில், வாந்திபேதியால் இறந்திருந்தார். தொற்றுக்கு அஞ்சி அவர் உடைமைகளைப் பெரும்பாலும் எரித்துவிட்டனர். தப்பிய சில தாள்களைத் தம்பி 1878இல் வெளியிட்டார். அவற்றில், வெப்பம் பாய்மமன்று, இயக்கமே என்று கார்னோ தம் கையாலேயே எழுதி, அதற்கு ஈடான வேலையின் அளவையும் கணக்கிட்டிருந்தார்.