கேட்பதற்கு எத்தனை சொற்கள்

ஆங்கிலத்தில் ‘ஆஸ்க்’ என்ற வினைச்சொல் தெரியாத பள்ளிப் பிள்ளை கிடையாது. கேள். அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அதே வேலைக்கு ரிக்வெஸ்ட், ரிக்வயர், டிமாண்ட், பெக், ப்ரே, க்ரேவ், என்கொயர், க்வெஸ்டியன், இன்டராகேட், சொலிசிட் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. அம்மா பிள்ளையைக் கேட்டால் ஆஸ்க், வாத்தியார் கேட்டால் க்வெஸ்டியன், போலீஸ்காரர் கேட்டால் இன்டராகேட். எல்லாம் கேட்பதுதான். கேட்கிறவர் யார், யாரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறிவிடுகிறது.

ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இவ்வளவு கூட்டம் இல்லை. விஷயம் தெரிந்துகொள்ளக் கேட்பதற்கு ஒரு சொல், பொருளோ தயவோ வேண்டிக் கேட்பதற்கு இன்னொன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘ஃப்ராகன்’, ‘பிட்டன்’ என்று அப்படித்தான் பிரிக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஃப்ராகன்’ குடும்பத்துச் சொல் வழக்கொழிந்தே போயிற்று. ‘பிட்டன்’ குடும்பத்துச் சொல் இன்றைய ‘பிட்’ ஆகத் தேய்ந்து ஏலக்கடையில் உட்கார்ந்திருக்கிறது. அதே குடும்பத்தில் பிரார்த்தனைக்கு இருந்த பெயர்ச்சொல்லிலிருந்துதான் மணியைக் குறிக்கும் ‘பீட்’ வந்தது. ஜெபமாலையை உருட்டி உருட்டி, பிரார்த்தனையின் பெயரே மணிக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு வேலையையும் இன்று ‘ஆஸ்க்’ ஒன்றே பார்க்கிறது.

இன்னொன்று. ‘ஆஸ்க்’ என்பதை ‘ஆக்ஸ்’ என்று உச்சரிப்பவர்களைப் படிக்காதவர்கள் என்று சிரிப்பது வழக்கம். இரண்டு வடிவமும் பழைய ஆங்கிலத்திலேயே அருகருகே இருந்தவை. சாசர் ‘ஆக்ஸ்’ என்று எழுதியிருக்கிறார். 1535-இல் கவர்டேல் அச்சிட்ட பைபிளிலும் அந்த வடிவம் உண்டு. சிரிப்பவர்கள் அவர்களையும் சேர்த்துத்தான் சிரிக்க வேண்டும்.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகுதான் கூட்டம் சேர ஆரம்பித்தது. அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு. வயலிலும் அடுப்படியிலும் ஆங்கிலம். வழக்குகளை ஆங்கிலத்தில்தான் வாதிட வேண்டும் என்று 1362-இல் சட்டம் போட்டார்கள். பிரெஞ்சு யாருக்கும் சரியாகப் புரியவில்லை என்பது காரணம். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அந்த வழியாக வந்ததுதான் ‘டிமாண்ட்’. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ‘தெமாந்தே’ என்றால் சும்மா கேட்பது. தண்ணீர் கேட்பதும் வழி கேட்பதும் அதுதான். லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு ‘ஒப்படைத்தல்’ என்று பொருள். அதட்டல் அங்கேயும் இல்லை. இங்கிலாந்தில் அது சட்டப் பிரெஞ்சின் வழியாக நுழைந்தது. நிலத்தின் மேல் உரிமை கொண்டாடி வழக்குப் போடுகிறவனுக்கு ‘டிமாண்டன்ட்’ என்று பெயர். உரிமையோடு கேட்கிறவன் கெஞ்சமாட்டான் அல்லவா? அங்கேதான் சொல் விறைத்துக்கொண்டது.

எழுபதுகளில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், அவரும் பிரெஞ்சு வழியில் படித்தவர், மூன்று நாள் லீவை ‘டிமாண்ட்’ செய்வதாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த மேலதிகாரி, பணிவின்மைக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். நாங்கள் லருஸ் அகராதியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினோம். லீவு கிடைத்தது. மெமோவை வாபஸ் வாங்கவில்லை. அடுத்த பதவி உயர்வுப் பட்டியல் தயாரானபோது அந்தக் காகிதமும் கோப்போடு போனது. நண்பர் பெயர் அந்தப் பட்டியலில் வரவில்லை.

‘க்ரேவ்’ நேர் எதிர்த் திசையில் போன சொல். முதலில் அதுதான் உரிமையோடு அதட்டிக் கேட்பது. பிறகு இளகி, ஏக்கத்தோடு விரும்புவது என்று ஆயிற்று. இன்று நம் வக்கீல்கள் நீதிமன்றத்தில் அனுமதி ‘க்ரேவ்’ செய்கிறார்கள், கர்ப்பிணிகள் மாங்காயை. ‘ரிக்வயர்’ கூட முன்பு மரியாதையான சொல்தான். 1611 ஆங்கில பைபிளில் எஸ்றா, ராஜாவிடம் காவல்படை கேட்க வெட்கப்பட்டதாகச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. இன்று ‘ரிக்வெஸ்ட்’ போட்டு வரும் கடிதத்துக்கு நாலு நாள் கழித்துப் பதில் எழுதலாம். ‘ரிக்வயர்’ போட்டு வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எழுத வேண்டும்.

சரித்திரத்தில் இந்தச் சொற்கள் நேருக்கு நேர் நிற்கும் இடம் ஒன்று உண்டு. முதலாம் சார்லஸ் மன்னர், பாராளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் குடிமக்களிடம் கட்டாயக் கடன் வசூலித்தார். கொடுக்காதவர்களைக் காரணம் சொல்லாமலே சிறையில் போட்டார். வீடுகளில் சிப்பாய்களைத் தங்க வைத்தார். 1628-இல் எட்வர்ட் கோக் போன்றவர்கள் சேர்ந்து ஒரு மனு தயாரித்தார்கள். உரிமை மனு என்று அதற்குப் பெயர். அதில் இருக்கும் வினைச்சொல் ‘ப்ரே’. தாழ்மையுடன் பிரார்த்திக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். சலுகை அல்ல, ஏற்கெனவே இருக்கிற உரிமை. அதைத்தான் பிரார்த்தித்துக் கேட்டார்கள். மன்னர் முதலில் மழுப்பினார். ஜூன் 7-ஆம் தேதிதான், விரும்பியபடியே உரிமை செய்யப்படட்டும் என்று பதில் வந்தது. அதுவும் பிரெஞ்சில்! மறு வருடமே பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டுப் பதினோரு வருடம் தனியாக ஆண்டார். 1649-இல் அவர் தலை போயிற்று.

1689-இல் அவருடைய மகன் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடிய பிறகு, வில்லியமுக்கும் மேரிக்கும் கிரீடத்தைக் கொடுக்கு முன் ஓர் உரிமைப் பிரகடனத்தை வாசித்துக் காட்டினார்கள். அதில் ‘க்ளெய்ம்’, ‘டிமாண்ட்’, ‘இன்சிஸ்ட்’ என்று மூன்று வினைச்சொற்கள் வரிசையாக நிற்கின்றன. உரிமை கோருகிறோம், கேட்கிறோம், வலியுறுத்துகிறோம். கேட்ட விஷயங்களில் பல 1628-இல் கேட்டவையே. வினைச்சொல் மாற 61 வருடமும் ஓர் உள்நாட்டுப் போரும் தேவைப்பட்டன.

(அங்கே மன்னர் ஒரு மசோதாவை மறுக்கவும் பிரெஞ்சில் ஒரு வாசகம் இருக்கிறது: அரசர் யோசிப்பார். 1708-இல் ஆன் அரசிக்குப் பிறகு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. நம் ஊரில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இன்னும் அமோகமாகப் புழங்குகிறது.)

பிரார்த்தித்துக் கேட்கிற அந்தப் பழக்கம் கப்பலேறி நம்மிடமும் வந்தது. 1852-இல் காசுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை சுதேசிகள் சங்கம், லண்டன் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பியது. நிலவரி வசூலிக்க விவசாயிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்பது அதிலிருந்த முறையீடுகளில் ஒன்று. 1854-இல் விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். சித்திரவதை உண்மைதான் என்று மறு வருடம் அறிக்கை வந்தது. மனு எத்தனை பணிவாக இருந்தாலும் உள்ளே இருந்த சங்கதி சுட்டது. இன்றும் நம் நீதிமன்றங்களில் மனுவின் கடைசிப் பகுதிக்குப் ‘ப்ரேயர்’ என்றுதான் பெயர். நாத்திக வக்கீலும் ‘ப்ரேயர்’ எழுதாமல் வழக்குப் போட முடியாது.

கேட்பதில் மேல் கீழ் பார்ப்பது வெள்ளைக்காரனின் கண்டுபிடிப்பு அல்ல. தாழ்ந்தவன் ‘ஈ’ என்றும், சமமானவன் ‘தா’ என்றும், உயர்ந்தவன் ‘கொடு’ என்றும் கேட்பான் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்து வைத்திருக்கிறார். நம் ‘கேள்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதியும் உண்டு. காது கொடுப்பதும் அதுதான், வாய் திறப்பதும் அதுதான். அதே சொல் வருவாய்த் துறைக்குப் போனால் கணக்குச் சொல்லாகிவிடும். கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று கட்டம் போட்ட பதிவேட்டை அங்கே வேலை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் ‘கேட்பு’ என்பது ‘டிமாண்ட்’. சட்டசபையில் அதே ‘டிமாண்ட்’ மானியக் கோரிக்கை ஆகிறது. குடியானவனிடம் அரசாங்கம் கேட்டால் கேட்பு, சபையிடம் கேட்டால் கோரிக்கை.