தோட்டப் பெண்களும் போர்க்காலத் தொண்டும்

போர்க்கால மலாயாவில் இந்தியப் பெண்கள் ஆற்றிய தொண்டினைப் பற்றி எழுதுவோர், ஜான்சி ராணிப் படையின் தலைவி டாக்டர் இலட்சுமி சுவாமிநாதனையும் ஜானகி தேவரையும் தவறாது குறிப்பிடுவர். அப்படையினருள் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தமிழ்ப்பெண்கள் என்பதோ ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. அவர்கள் முன்வந்த பின்னணியைச் சிடாம் கிரி முதலான கெடாத் தோட்டங்களின் அன்றைய நிலையோடு இணைத்துக் காண்போம்.

1941 டிசம்பரில் ஜித்ரா வீழ்ந்தது. வெள்ளைத் துரைமார் வெளியேறினர். இரப்பருக்குச் சந்தையில்லை, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. 1943இல் ஆடவர் பலர் சயாம்–பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இலயங்களில் எஞ்சிய பெண்களே குடும்பங்களைத் தாங்கினர்.

அவ்வாண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் பெண்கள் படைக்கு அழைப்பு விடுத்தார். அக்டோபர் 22ஆம் நாள் அங்குப் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, செவிலியர் பணி ஆகியன கற்பிக்கப்பட்டன. பர்மா சென்றோர் மேமியோவில் காயமுற்ற வீரர்களைப் பேணினர்.

இவர்களை வறுமை தள்ளியது என்பாரும், நாட்டுப்பற்று ஈர்த்தது என்பாரும் உளர். இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துதல் பொருந்தாது என்பது நம் கருத்து. துரைக்கும் கங்காணிக்கும் கீழ்ப்படிந்தே பழகியவர்கள் தம் பெயரைத் தாமே பதிந்துகொண்டது, காரணம் எதுவாயினும், அவர்தம் முடிவேயாகும்.

போருக்குப் பின், 1946–47இல், ஏ. எம். சாமி தலைமையில் கெடாவில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்தது. இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்புப் பழக்கம் இவ்வாறு தோட்டங்களில் மீண்டும் தோன்றியது. இத்தொடர்ச்சியில் பெண்களின் பங்கினை, வாய்மொழிச் சான்றுகள் மறையுமுன், தோட்டந்தோறும் தேடித் தொகுப்பது நம் கடன்.