வேலையும் வீடும் ஒரே கையில்: புல்மன் நகரின் வரலாறு

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் செல்வோருக்கு முதற் கவலை வேலை. அடுத்த கவலை வீடு. வேலை கொடுப்பவரே வீட்டையும் கொடுத்துவிட்டால், இரு கவலைகளும் ஒருங்கே தீர்ந்தன என்று நாம் மகிழ்கிறோம். ரயில்வே குடியிருப்புகளிலும் தொழிற்சாலைக் குடியிருப்புகளிலும் வாழும் நம்மவர்க்கு இம்மகிழ்ச்சி புதியதன்று. ஆயின், வேலையும் வீடும் ஒருவர் கையிலேயே இருக்கும்போது கூலி குறைந்தால் என்ன ஆகும்? குறையை எடுத்துச் சொல்ல முன்வந்தால் என்ன ஆகும்? சென்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவில் ஒரு நகரமே இவ்வினாக்களுக்கு விடை காண நேர்ந்தது. அந்நகரின் பெயர் புல்மன். அதன் வரலாற்றை இங்குக் காண்போம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அதன்பின் அந்நாட்டில் இருப்புப் பாதைகள் காட்டாற்று வெள்ளம்போற் பெருகின. 1890-இல் அவற்றின் மொத்த நீளம் 1,60,000 மைல்களைக் கடந்துவிட்டது. அப்பாதைகளைச் சார்ந்து எஃகு ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் வளர்ந்தன. அவற்றில் வேலை செய்ய ஐரோப்பாவிலிருந்து மக்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். செல்வம் பெருகிற்று, அதனுடன் பூசலும் பெருகிற்று. 1877-இல் கூலிக் குறைப்பை எதிர்த்து ரயில்வே தொழிலாளர் நடத்திய வேலை நிறுத்தம் பல மாநிலங்களில் பரவிப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 1886-இல் எட்டு மணி நேர வேலைநாள் வேண்டும் என்ற கிளர்ச்சியின்போது சிகாகோ நகரின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. யார் வீசியது என்பது தெளிவாகாத அக்குண்டுக்காக அடுத்த ஆண்டு நால்வர் தூக்கிலிடப்பட்டனர்.

இத்தகைய பூசல்களுக்குத் தம்மிடம் மருந்து உண்டு என்று நம்பியவர் ஜார்ஜ் புல்மன். 1831-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த இவர், சிகாகோவுக்கு வந்து, தாழ்ந்த நிலத்தில் நின்ற கட்டடங்களைத் திருகு தூக்கிகளின் உதவியால் அப்படியே உயர்த்தி வைக்கும் தொழிலில் பெயர் பெற்றார். பின்னர் ரயிலில் படுத்துறங்கிச் செல்வதற்கேற்ற வசதி மிக்க வண்டிகளைச் செய்யத் தலைப்பட்டார். 1867-இல் அதற்கென ஒரு கம்பெனியை நிறுவினார். இவ்வண்டிகளை அவர் ரயில்வேக்களுக்கு விற்கவில்லை. தம் உடைமையாகவே வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தின் பேரில் ஓடவிட்டார். வண்டிகளில் பயணிகளுக்குப் பணிவிடை செய்ய, அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களையே பெரும்பாலும் அமர்த்தினார்.

நல்ல வீடும் நல்ல சூழலும் அமைந்தால் தொழிலாளி குடியையும் கிளர்ச்சியையும் மறந்து ஒழுங்காக உழைப்பான் என்பது புல்மனின் கருத்து. எனவே 1880-இல், சிகாகோவுக்குத் தெற்கே, கலுமெட் ஏரிக்கரையில், தொழிற்சாலையுடன் ஒரு புதிய நகரையும் கட்டத் தொடங்கினார். சோலன் பீமன் என்ற இளம் கட்டடக் கலைஞர் அதனை வரைந்தார். செங்கல் வீடுகள், வீட்டுக்குள்ளேயே குழாய் நீர், எரிவாயு விளக்கு, சாக்கடை வசதி, பூங்கா, விளையாட்டுத் திடல், பள்ளி, நூலகம், நாடக அரங்கு ஆகிய அனைத்தும் அங்கு இருந்தன. சிகாகோவின் நெருக்கடி மிகுந்த சேரிகளில் வாழ்ந்தோருக்கு இது கனவுலகமாகவே தோன்றியிருக்கும். 1893-இல் சுமார் 12,000 பேர் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஸ்வீடன், ஜெர்மனி, அயர்லாந்து, ஹாலந்து முதலிய அயல்நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

எனினும் அந்நகரில் ஒரு செங்கல்லைக்கூட எவரும் விலைக்கு வாங்க முடியாது. வீடு, கடை, கோயில் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம். நகரம் தான் விழுங்கிய முதலுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் இலாபம் தரவேண்டும் என்பது திட்டம். அழகிய தேவாலயம் ஒன்று கட்டப்பட்டது. அதற்குக் குறித்த வாடகையைத் தர எந்தச் சபைக்கும் இயலாமையால் அது சில காலம் பூட்டிக் கிடந்தது. நூலகத்தில் நூல் எடுக்கவும் சந்தா உண்டு. வாடகை ஒப்பந்தத்தின்படி, பத்து நாள் அறிவிப்பில் குடியிருப்போரை வெளியேற்றலாம். 1885-இல் அந்நகரைச் சென்று கண்ட ரிச்சர்டு ஈலி என்னும் பொருளாதார அறிஞர், அதன் தூய்மையையும் ஒழுங்கையும் பாராட்டினார். ஆனால், மக்கள் மனம்விட்டுப் பேச அஞ்சுவதைக் கண்டு, இது குடியரசு நாட்டுக்கு ஒவ்வாத நிலப்பிரபுத்துவம் என்ற கருத்தை வெளியிட்டார்.

1893-இல் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கிற்று. வங்கிகள் மூடின, ரயில்வேக்கள் திவாலாயின, புதிய வண்டிகளுக்குத் தேவை குன்றிற்று. புல்மன் பலரை வேலையிலிருந்து நீக்கினார்; எஞ்சியோரின் கூலியைச் சராசரி நூற்றுக்கு 25 வீதம் குறைத்தார். வீட்டு வாடகையை மட்டும் ஒரு காசும் குறைக்கவில்லை. அவ்வாடகையோ, சுற்றுப்புறத்தில் அதே போன்ற வீடுகளுக்கு உள்ளதைவிட 20 முதல் 25 வீதம் மிகுதி என்று பிற்பாடு அரசாங்க விசாரணைக் குழு கண்டது. கூலி நாளன்று தொழிலாளியிடம் இரண்டு காசோலைகள் நீட்டப்படும். ஒன்று வாடகைக்கு, அதனை அங்கேயே கையெழுத்திட்டுத் திருப்பித் தரவேண்டும். மற்றது எஞ்சிய தொகைக்கு. இரண்டு வார உழைப்புக்குப் பிறகு சில காசுகளே எஞ்சியவர்களும் இருந்தனர்.

நியாயத்தின் பொருட்டுப் புல்மன் தரப்பையும் நாம் சொல்லவேண்டும். ஆலை மூடாதிருக்க நஷ்டத்துக்கே வேலைகளை ஒப்புக்கொண்டதாக அவர் கூறினார். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்நஷ்டத்தைச் சுமந்தவர் யார்? 1893 ஜூலையில் முடிந்த ஆண்டில் கம்பெனி கூலியாகக் கொடுத்தது சுமார் 72 இலட்சம் டாலர். பங்குதாரர்களுக்குக் கொடுத்தது 25,20,000 டாலர். அடுத்த ஆண்டில் கூலி சுமார் 44 இலட்சத்து 70 ஆயிரமாகச் சுருங்கிற்று. பங்குதாரர்களுக்குக் கிடைத்ததோ 28,80,000 டாலராக உயர்ந்தது. மேலதிகாரிகளின் சம்பளத்தில் குறைவு இல்லை. இவ்வெண்களுக்கு விளக்கவுரை வேண்டுவதில்லை.

1894 மே மாதத்தில் தொழிலாளரின் தூதுக்குழு ஒன்று புல்மனைக் கண்டு முறையிட்டது. கூலியை உயர்த்த வழியில்லை என்றார் அவர். வாடகையைப் பற்றிக் கேட்டபோது, முதலாளி வேறு, வீட்டுக்காரர் வேறு, ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை என்ற கருத்தில் விடையளித்தார். குழுவினர் எவரையும் தண்டிப்பதில்லை என்று உறுதி கூறப்பட்டிருந்தும், மறுநாளே அவர்களுள் மூவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டனர். மே 11-ஆம் நாள் தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேறினர்.

அப்பொழுது அமெரிக்க ரயில்வே சங்கம் என்ற அமைப்பு தோன்றி ஓராண்டுகூட ஆகவில்லை. அதன் தலைவர் யூஜின் டெப்ஸ். இந்தியானா மாநிலத்தில் 1855-இல் பிறந்து, பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, ஃபயர்மேனாகவும் இருந்தவர் அவர். எஞ்சின் ஓட்டுநருக்கு ஒரு சங்கம், ஃபயர்மேனுக்கு ஒரு சங்கம், கார்டுக்கு ஒரு சங்கம் என்று பிரிந்து கிடந்தவர்களை ஒரே குடைக்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய நோக்கம். ஜூன் மாதம் சிகாகோவில் கூடிய சங்க மாநாட்டில், புல்மன் ஆலையில் தையல் வேலை செய்த ஜென்னி கர்ட்டிஸ் என்ற பெண் எழுந்து பேசினார். பதின்மூன்று ஆண்டுகள் அக்கம்பெனிக்கு உழைத்து இறந்த தம் தந்தை வைத்துச்சென்ற வாடகைப் பாக்கியைத் தம் சிறு கூலியிலிருந்து தாமே அடைக்க நேர்ந்ததை எடுத்துரைத்தார். டெப்ஸ் அவசரப்படவில்லை, முதலில் பேச்சு நடத்தவே முயன்றார். நடுவர் தீர்ப்புக்கு விட எதுவும் இல்லை என்று கம்பெனி கதவை அடைத்தது. அதன்பின், ஜூன் 26 முதல் புல்மன் வண்டி இணைந்த எந்த ரயிலையும் தொடுவதில்லை என்று சங்கம் முடிவு செய்தது.

பாயிண்ட்ஸ்மேன் புல்மன் வண்டியை இணைக்க மறுப்பார், அவர் நீக்கப்படுவார், உடனே அந்த ரயிலின் ஊழியர் அனைவரும் இறங்கிவிடுவர். நான்கே நாட்களில் 29 ரயில்வேக்களில் சுமார் 1,25,000 பேர் வேலையை விட்டனர். கிளர்ச்சி 27 மாநிலங்களில் பரவிற்று.

இவ்வளவு பெரிய ஒற்றுமையிலும் ஒரு விரிசல் இருந்தது. சங்கத்தில் வெள்ளையர் மட்டுமே சேரலாம் என்பது விதி. அவ்விதியை நீக்குமாறு டெப்ஸ் மன்றாடினார். மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்தது. நீக்கலாம் என்றோர் 100 பேர். கூடாது என்றோர் 112 பேர். புல்மன் வண்டிகளில் இரவெல்லாம் கண் விழித்து உழைத்த கறுப்பினப் பணியாளர்கள், புல்மனை எதிர்த்த போராட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். தம்மைச் சேர்க்க மறுத்தவர்களுக்காக அவர்கள் ஏன் வேலையைத் துறக்கவேண்டும்? கறுப்பினத் தொழிலாளர் சிலர் நிறுத்தக்காரரின் இடங்களில் வேலைக்கு அமர்ந்தபோது அவர்களைக் குறை கூறும் உரிமையைச் சங்கம் முன்னதாகவே இழந்திருந்தது.

சிகாகோவில் வந்து முடியும் 24 ரயில்வேக்களின் மேலாளர்களும் தமக்குள் ஒரு சங்கம் வைத்திருந்தனர். மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான ரிச்சர்டு ஆல்னி, முன்னர் ரயில்வே கம்பெனிகளின் வழக்கறிஞராக இருந்தவர். தபால் போக்குவரத்து தடைப்படுகிறது என்பதைக் காரணமாகக் காட்டி, ஜூலை 2-ஆம் நாள் நீதிமன்றத் தடையுத்தரவு பெறப்பட்டது. ஏகபோக வணிகக் கூட்டுகளை ஒடுக்க 1890-இல் இயற்றிய சட்டமும் அதற்கு ஆதாரமாயிற்று. முதலாளிகளின் கூட்டைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் தொழிலாளரின் கூட்டின்மேல் பாய்ந்தது. வேலையை விடுமாறு பிறரிடம் எடுத்துச் சொல்வதும் குற்றமாயிற்று.

குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து சிகாகோவுக்குப் படையை அனுப்பினார். இல்லினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்டு, தம் மாநிலம் கேளாத உதவி இது என்று கண்டித்தார், பயனில்லை. படை வருமுன் பெரும்பாலும் அமைதியாயிருந்த நகரில், வந்தபின் கலகம் மூண்டது; நூற்றுக்கணக்கான ரயில் பெட்டிகள் எரிந்தன; சிகாகோவில் மட்டும் 12 பேர் சுடப்பட்டு இறந்தனர். டெப்ஸ் கைதானார். வேலை நிறுத்தம் சிதைந்தது. வியப்பு யாதெனில், தொழிலாளர் தினத்தை நாடு முழுவதற்கும் விடுமுறையாக்கும் சட்டத்தில் கிளீவ்லாந்து கையெழுத்திட்டது அதே ஜூன் மாதம் 28-ஆம் நாள்தான்.

ஆகஸ்டில் ஆலை மீண்டும் திறந்தது. சங்கத்தில் சேர்வதில்லை என்று எழுதிக் கொடுத்தவருக்கே வேலை கிடைத்தது. வேலை இழந்த குடும்பங்களை ஆல்ட்கெல்டு நேரிற் சென்று கண்டார். ஏறத்தாழ 6,000 பேர் உணவின்றித் தவிப்பதைப் புல்மனுக்கு எழுதினார். இணக்கமான பதில் வராமையால் மாநில மக்களிடமே உதவி வேண்டினார். டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. 1895-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. சிறையிலிருந்து வெளிவந்த அவர் பின்னர்ச் சமதர்மவாதியானார். குடியரசுத் தலைவர் பதவிக்கு ஐந்து முறை போட்டியிட்டார். 1920-இல், போர் எதிர்ப்புப் பேச்சுக்காகச் சிறையில் இருந்தபடியே 9 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார்.

புல்மன் 1897 அக்டோபரில் காலமானார். அவருடைய உடலை எவரேனும் தோண்டி எடுப்பர் என்று அஞ்சிய குடும்பத்தார், ஈயத்தால் உட்பூச்சிட்ட பெட்டியில் வைத்து, அதன்மேல் சிமெண்டும் எஃகுத் தண்டவாளங்களும் இட்டுப் புதைத்தனர். மறு ஆண்டு இல்லினாய் உச்ச நீதிமன்றம், வண்டி செய்யும் கம்பெனிக்கு நகரம் வைத்துக்கொள்ளும் அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. படிப்படியாக வீடுகள் விற்கப்பட்டன. ஒருகாலத்தில் ஒரு செங்கல்லையும் வாங்க இயலாத ஊரில், தொழிலாளர் சொந்த வீட்டுக்காரராக முடிந்தது.

வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பினப் பணியாளரின் கதை அதன்பின்னும் தொடர்ந்தது. அவர்கள் 1925-இல் பிலிப் ராண்டால்ஃபின் தலைமையில் தமக்கெனச் சங்கம் கண்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-இல் அதே புல்மன் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்தனர். 1963-இல் வாஷிங்டனில் நடைபெற்ற மாபெரும் உரிமைப் பேரணிக்குத் தலைமை தாங்கியவரும் இந்த ராண்டால்ஃபே. புல்மன் நகரை அமெரிக்க அரசு 2015-இல் தேசிய நினைவிடமாக அறிவித்தது. 2022-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. முதலாளியின் மாளிகை போன்ற ஆலையையும், தொழிலாளரின் செங்கல் வீடுகளையும் மக்கள் இன்று ஒருசேரக் காண்கின்றனர்.

புல்மன் கட்டிய வீடுகள் நல்ல வீடுகளே. அவை இன்றும் நிற்கின்றன. அவற்றில் மக்கள் வாழ்கின்றனர். ஆயின், கூரையைத் தந்தவர் அக்கூரையின்கீழ் வாழ்வோரின் சொல்லைக் கேட்க மறுத்தார். ஒன்றுபட்டு நின்ற தொழிலாளரோ தம் அருகிலேயே உழைத்தவர்களுக்குக் கதவைத் திறக்க மறுத்தனர். முதலாளி செய்த பிழையும் தொழிலாளர் செய்த பிழையும் ஒன்றே. நல்ல வீட்டோடு, குறை சொல்லும் உரிமையும், அயலாரைத் தம்மவராக எண்ணும் மனமும் வேண்டும் என்பதைப் புல்மன் நகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. பல மொழி பேசுவோரோடு ஒரே வாயிலில் வேலைக்குச் சென்று, ஒரே வரிசையில் குடியிருக்கும் நாம், அவ்வளவு விலை கொடாமலே அதனைக் கற்றுக்கொள்வோமாக.