புகாரைக் கடல் கொண்ட கதையும் பேரிடர்ப் பாடல்களின் பிறப்பும்

பூம்புகாரைக் கடல் கொண்டது ஏன் என்னும் கேள்விக்கு மணிமேகலைக் காப்பியம் ஒரு விடை தருகிறது. சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளிக்கும் நாகநாட்டு இளவரசி பீலிவளைக்கும் பிறந்த குழந்தையைக் கம்பளச் செட்டி என்னும் வணிகன் தன் மரக்கலத்தில் ஏற்றி வருகிறான். வழியில் கலம் உடைகிறது, குழந்தை காணாமற்போகிறது. மகனைத் தேடிக் கடற்கரையெங்கும் அலையும் மன்னன், அத்துயரில் இந்திர விழாவை எடுக்க மறந்துவிடுகிறான். மணிமேகலா தெய்வம் சபிக்க, நகரைக் கடல் விழுங்குகிறது.

விழாவை மறந்த அரசனுக்குக் கிடைத்த தண்டனை என்றே இதைப் பலரும் படித்துவிட்டுப் போகிறோம். ஆனால் பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் அழுகைதான் இங்கே குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. இன்னொன்றும் வியப்பளிக்கிறது. மணிமேகலா தெய்வம் உண்மையில் கடலோடிகளைக் காக்கும் தெய்வம். கலம் உடைந்து தத்தளித்த கோவலனின் முன்னோர் ஒருவரை அது காப்பாற்றியதால்தான் அவன் மகளுக்கு அப்பெயர் வந்தது. பௌத்தர்களின் மகாஜனக ஜாதகக் கதையிலும் கடலில் நீந்துபவரை மீட்பது இதே தெய்வமே. கடலோடிகளின் வாய்மொழியில் மீட்பராக இருந்தவர், காப்பியத்தில் சபிப்பவராகிவிட்டார்.

பேரிடர்ப் பாடல்கள் பலவற்றின் வரலாறும் இவ்வாறே நகர்ந்திருக்கிறது என்பது நம் கருத்து. முதலில் பிறப்பது ஒப்பாரி. அது பெண்களுடையது, எழுதப்படாதது. இறந்தவரின் பெயரைச் சொல்லும், அவர் உண்டதையும் உடுத்தியதையும் சொல்லும், இறைவனிடமே முறையிடும். ஆனால் இறந்தவரைக் குற்றவாளி ஆக்காது. அதற்குப் பின் வருபவை கும்மியும் சிந்தும். அச்சகம் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் புயல், வெள்ளம், தீ, பஞ்சம் என எது நடந்தாலும் சில பக்கங்களில் ஒரு சிந்து அச்சாகிவிடும். சென்னைக் குஜிலிக் கடைகளிலும் சந்தைகளிலும் சொற்பக் காசுக்கு அதை விற்பார்கள். செய்தித்தாள் வாங்க இயலாதவர்களுக்கு அதுவே செய்தி. சிந்தும் கும்மியும் தமிழ் முஸ்லிம் புலவர்களுக்கும் பழகிய வடிவங்களே.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இத்தகைய கும்மிகள் பலவற்றுக்குப் பொருளாயிற்று. புலவர் செ. இராசு அவற்றைத் தேடித் தொகுத்து, 'பஞ்சக் கும்மிகள்' என்ற நூலாகத் தந்திருக்கிறார். மழை பொய்த்தது உண்மை. ஆனால் பட்டினிக்கு அது மட்டுமே காரணமன்று. நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைக்கச் செய்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்னும் ஆங்கிலேய அதிகாரி. காவிரி நீரால் பஞ்சத்துக்குப் பெரிதும் தப்பிய தஞ்சையில் பெரும் மிராசுதார்கள் நெல்லை உயர்ந்த விலைக்கு விற்றுப் பொருளீட்டினர். கலியும் பாவமும் பெருகியதே காரணம் என்று முடித்துவிடும் பாடலில் இவற்றுக்கு இடமிருப்பதில்லை.

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புகார்க் கரையின் மீனவக் குடும்பங்களும் தப்பவில்லை. 'கடல்கோள்' என்ற பழஞ்சொல் மீண்டும் நாளேடுகளில் உலவியது. அதனுடன், இது பாவத்தின் சம்பளம் என்ற பேச்சும் எல்லாச் சமயத்தார் நடுவிலும் எழுந்தது. நம்மவர் மேடைகளும் இதற்கு விலக்கல்ல. நீரில் மூழ்கி இறப்பவரை நபி (ஸல்) அவர்கள் ஷஹீத்களின் வரிசையில் சேர்த்திருப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதை அறிந்தவர்கள் அலையில் போன குழந்தைகளின் பாவக் கணக்கை எழுதத் துணிந்தது எப்படி?

கொள்ளிடத்துக்கு வடக்கே, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அந்நாட்களில் வேறொன்று செய்தனர். திருமண விருந்துக்கெனச் சமைத்த உணவைக் கரையோர மக்களுக்கு அனுப்பிவைத்தனர், தொடர்ந்தும் உணவளித்தனர். புகாரின் அழிவைச் சாபமாகப் பாடிய அதே மணிமேகலையிலும், காஞ்சியில் பஞ்சம் வந்தபோது கதைத்தலைவி அமுதசுரபியோடு சென்று பசித்தவர்க்கெல்லாம் சோறிடுகிறாள். பசித்து வந்தவரிடம் அவர் செய்த வினை என்ன என்று அவள் விசாரிப்பதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று அக்கரையில் மக்கள் கூடி, கடலில் மலர் தூவிப் பால் ஊற்றுகிறார்கள். பெண்கள் பெயர் சொல்லி அழுகிறார்கள்.