இசை நாடகம் திரைப்படமாதல்

வசனத்தினும் பாட்டையே உயிர்நிலையாகக் கொண்ட மேடை நாடகத்தைப் பேசும் படமாக மாற்றி அமைத்தல். 1931-ல் காளிதாஸ் என்னும் படத்தோடு தமிழ்த் திரை பேசத் தொடங்கியபோது, அதற்கென்று புதிதாகக் கதை தேட வேண்டிய அவசியம் நேரவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றி, சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனிகளும், நிலையான குழுவின்றி ஓர் இரவு ஆட்டத்துக்கென ஒன்றுகூடும் ஸ்பெஷல் நாடக நடிகர்களும் ஊர்தோறும் ஆடிவந்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலியவை கதை, பாட்டு, நடிகர், ரசிகர் ஆகிய நான்கையும் ஒருங்கே அளிக்கும் நிலையில் இருந்தன.

மேடை மரபு: இந்நாடகங்கள் இரவில் தொடங்கி விடியும்வரை நடப்பவை. ஒலிபெருக்கி வழக்கத்துக்கு வராத அக்காலத்தில், கொட்டகையின் கடைக்கோடியில் தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் எட்டுமாறு உச்ச சுருதியில் பாடவல்லவர்களே ராஜபார்ட்டாகவும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டாகவும் (கதாநாயகி) கீர்த்தி பெற்றனர். சபையோர் 'ஒன்ஸ்மோர்' என்று கேட்டால் பாட்டு மறுபடியும் நிகழும். வள்ளி திருமணத்தில் வேலனாகிய முருகனும் வள்ளியும் புரியும் தர்க்கம் என்னும் வாக்குவாதமோ, நடிகர்களின் சாமர்த்தியத்துக்கேற்ப இரவுக்கு இரவு நீளவும் குறுகவும் செய்யும். எஸ். ஜி. கிட்டப்பாவும் (1906-1933) கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்த நாடகங்கள் இம்மரபின் சிகரமாகக் கருதப்பட்டன.

முதற் படங்கள்: கோயம்புத்தூரில் படக்கொட்டகை நடத்திய சாமிக்கண்ணு வின்சென்ட், கல்கத்தாவின் பயனீர் பிலிம் கம்பெனியுடன் சேர்ந்து 1933-ல் வள்ளி திருமணத்தைத் தயாரித்தார், மேடை அநுபவம் மிக்க டி. பி. ராஜலட்சுமி அதில் வள்ளியாக நடித்தார். மேடையில் பவளக்கொடி நாடகத்தில் புகழ்பெற்றிருந்த எம். கே. தியாகராஜ பாகவதரையும் எஸ். டி. சுப்புலட்சுமியையும் கொண்டே கே. சுப்பிரமணியம் 1934-ல் அதனைப் படமாக்கினார். மேடைக்குரிய பாட்டு வெள்ளம் குறையாமல் ஏறக்குறைய 50 பாடல்கள் அதில் இடம்பெற்றன. அடையாற்றில் திறந்தவெளியில் சூரிய வெளிச்சத்தைக் கொண்டே எடுக்கப்பட்ட அப்படத்தில், காக்கைகளின் கரைதல் ஒலிப்பதிவுக்குப் பெரும் விக்கினமாயிற்று என்று கூறுவர்.

குரலும் கருவியும்: அக்காலத்தில் நடிப்பும் பாட்டும் ஒரே சமயத்தில் பதிவு செய்யப்பட்டமையால், பாடுவோர் ஒலிவாங்கியின் எல்லையை விட்டு அகலாமல் நிற்க, பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் பார்வைக்கு அப்பால் மறைந்திருந்து வாசிக்க, காமிராவும் முன்வரிசை ரசிகனைப் போல அசையாது அமர்ந்திருந்தது. ஆகவே ஆரம்பகாலப் படங்கள் பெரும்பாலும் நாடகத்தின் பிரதிகளாகவே அமைந்தன. மேடையின் ஜீவனாகிய தர்க்கத்தையும் 'ஒன்ஸ்மோரை'யும் மட்டும் அவை இழந்துவிட்டன. ஒருமுறை பதிவானது என்றும் அவ்வாறே ஒலிக்குமாதலின், ரசிகன் பாட்டின் நீளத்தை நிர்ணயிக்கும் உரிமை அற்றுப்போயிற்று.

இந்நிலையிலிருந்து திரைப்படத்தை விடுவித்தது பின்னணிப் பாடல் முறையாகும். ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த நந்தகுமார் (1938) என்ற படத்தில், ஒரு பாத்திரத்துக்காக லலிதா வெங்கட்ராமன் மறைவிலிருந்து பாடினார். மெய்யப்பனே 1945-ல் வள்ளி கதையை மீண்டும் ஸ்ரீவள்ளி என்று படமாக்கியபோது, நாடக மேடையிலிருந்து வந்த டி. ஆர். மகாலிங்கம் கிட்டப்பாவின் சம்பிரதாயத்தில் தாமே பாடி நடிக்க, குமாரி ருக்மிணி நடித்த வள்ளிக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. மேடை வளர்த்த முறையும் திரை கண்ட முறையும் ஒரே படத்தில் அருகருகே நின்றன எனலாம்.

விளைவு: குரல் வேறு, முகம் வேறு என்றானபின், நடிப்பதற்குச் சங்கீத ஞானம் இன்றியமையாதது என்ற நியதி தளர்ந்தது, பாடல்களின் தொகை சுருங்கி, வசனம் ஓங்கியது. இசை நாடகத்திலிருந்து கதையையும் மெட்டையும் பெற்றுக்கொண்ட திரைப்படம், அதன் தற்கணக் கற்பனையை ஏற்க இயலாது விட்டுவிட்டது. அவ்வாறு விடப்பட்ட பகுதி அழிந்துவிடவில்லை. மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் ஸ்பெஷல் நாடகமாக நடந்துவருகிறது. அதில் தர்க்கமே ஜனங்கள் விழித்திருந்து கேட்கும் பகுதியாகவும் இருந்துவருகிறது.